ஊரின் ஹரீம்: சிறுநகரின் பொதுவெளி குறித்து ஃபிக்ஹ் நூல்கள் கற்பிப்பவை

கடலூர் நகராட்சி 2021-ஆம் ஆண்டில் மாநகராட்சியாகத் தரம் உயர்த்தப்பட்டது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது ஏறத்தாழ 1.73 இலட்சம் மக்கள் வாழ்ந்த ஊர் அது. பெயரளவில் மாநகராயினும் இயல்பால் இன்னும் சிறுநகரமே. அதற்கு மேற்கே பண்ருட்டி வரையில், தென்பெண்ணையின் கரையோரமாக நெல்லிக்குப்பம் நகரும் அண்ணாகிராமம் ஒன்றியத்துச் சிற்றூர்களும் அமைந்துள்ளன. நெல்லும் கரும்பும் விளைந்த இப்பகுதியின் வயல்களில் இன்று எல்லைக்கல் நட்டு, வண்ணக் கொடிகள் கட்டி, வீட்டுமனைகள் விற்கப்படுவதைச் சாலையில் செல்வோர் எவரும் காணலாம்.

ஒரு மனைப்பிரிவில் வீட்டுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, பாதைக்கு எவ்வளவு என்பதை விற்போரும் வாங்குவோரும் நுணுக்கமாகக் கணக்கிட்டுக் கொள்கின்றனர். பிள்ளைகள் விளையாடவும், முதியோர் அமரவும், ஊர் கூடவும், மழைநீர் வடியவும் எவ்வளவு இடம் வேண்டும் என்பதைக் கணக்கிடுவோர் யார்? அது நகரமைப்பு அலுவலகத்தின் வேலை என ஒதுக்கிவிடுவது நம் சமுதாயத்தில் வழக்கமாகிவிட்டது. ஆனால் நம் அரபிக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் ஓதிக்கொடுக்கப்படும் ஃபிக்ஹ் நூல்கள் இதனை மார்க்கச் சட்டத்தின் ஒரு பகுதியாகவே பேசுகின்றன. மாணவர்கள் அப்பகுதிகளைப் பரீட்சைக்காகப் படித்துக் கடந்து விடுகின்றனர். அவற்றை நம் ஊர்களின் நிலைமையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஹரீம் என்றால் என்ன?

எவருக்கும் உரிமையற்ற தரிசு நிலத்தைப் பண்படுத்துபவருக்கே அந்நிலம் உரியது என்பது ஹதீஸ்களிலிருந்து பெறப்பட்ட பிரபலமான விதி. 'இஹ்யாவுல் மவாத்', அதாவது இறந்த நிலத்தை உயிர்ப்பித்தல், என்னும் பாடத்தில் ஃபுகஹாக்கள் இதனை விரிவாக ஆராய்கின்றனர். உழைப்புக்கு உரிமை வழங்கும் இவ்விதிக்கு அவர்களே ஒரு வேலியும் இட்டுள்ளனர். அவ்வேலியின் பெயரே ஹரீம். ஹராம், ஹரம் ஆகிய சொற்கள் பிறந்த அதே வேர்ச்சொல்லிலிருந்து பிறந்தது இச்சொல். 'கை வைக்கலாகாது எனக் காக்கப்பட்டது' என்பது இதன் உட்பொருள். ஒரு கிணறோ, வீடோ, ஊரோ முழுமையாகப் பயன்படுவதற்கு அதனைச் சுற்றி எவ்வளவு திறந்தவெளி இன்றியமையாததோ அவ்வளவும் அதன் ஹரீம் ஆகும். அது வெறுமையாகக் கிடப்பினும் தரிசு நிலமாகக் கருதப்படாது. எவரும் அதனைப் பண்படுத்தித் தமதாக்கிக் கொள்ளவும் இயலாது.

ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) (மறைவு ஹி. 676 / கி.பி. 1277) தம் 'மின்ஹாஜுத் தாலிபீன்' என்னும் நூலில் ஓர் ஊரின் ஹரீமில் அடங்குபவற்றைப் பட்டியலிடுகின்றார்: ஊரார் கூடிப் பேசும் மன்று, குதிரைகளை ஓட்டிப் பழகும் திடல், ஒட்டகங்கள் வந்து தங்கும் இடம், சாம்பலும் குப்பையும் கொட்டும் இடம், இவை போன்ற பிற. ஒரு வரியில் அடங்கிவிடும் இப்பட்டியலைச் சற்று நிதானித்து நோக்குவோம்.

முதலாவதாகக் கூறப்படுவது மன்று. அரபியில் 'நாதி'. ஊர் என்பதற்கு முதல் தேவை மக்கள் கூடிப் பேசும் இடமே என அவர் கருதியமை இதனால் விளங்கும். நம் சிற்றூர்களில் சாவடியும் மரத்தடியும் இப்பணியைச் செய்துவந்தன. கடலூரில் மஞ்சக்குப்பம் மைதானம் இப்பணியைச் செய்கின்றது. இரண்டாவது, குதிரை ஓட்டும் திடல். இளைஞர்கள் உடலுரம் பெறும் இடம் என்பதே இதன் கருத்தாதலின் இன்றைய விளையாட்டுத் திடல் இதற்கு நேரானது. மூன்றாவது, ஒட்டகங்கள் தங்குமிடம். பேருந்து நிலையம், சுமை வண்டிகள் நிற்கும் இடம், வாகன நிறுத்தம் ஆகியவை இன்று அதன் இடத்தைப் பெறுகின்றன. நான்காவது, குப்பை கொட்டும் இடம். குப்பைக்கு இடம் ஒதுக்காத ஊர் தெருவையும் வாய்க்காலையுமே குப்பைமேடாக்கும் என்பதை நாம் அன்றாடம் காண்கின்றோம். இறுதியில் 'இவை போன்ற பிற' எனக் கூறி, காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பச் சேர்க்க வேண்டியவற்றுக்கு வாயிலைத் திறந்து வைத்துள்ளார்கள் இமாம் அவர்கள்.

தமிழ்நாட்டு நில வழக்கில் இதற்கு நெருங்கிய சொல் 'புறம்போக்கு'. வரிவிதிப்புக்குப் புறத்தே, பொதுப் பயனுக்காக விடப்பட்ட நிலங்களுக்கு இப்பெயர். மந்தைவெளி, களம், ஏரி, ஓடை, பாதை, இடுகாடு எனப் பலவகைப் புறம்போக்குகள் வருவாய்த்துறைப் பதிவேடுகளில் உள்ளன. ஊரின் உயிர்நாடியான இந்நிலங்களைக் குறித்த சொல் பேச்சுவழக்கில் வசைச்சொல்லாக மாறிப்போனது. யாருக்கும் உரியதல்லாத நிலம் என்றால் யாரும் எடுத்துக்கொள்ளத்தக்க நிலம் என்னும் மனப்பான்மை வளர்ந்துவிட்டதற்கு இதுவே சான்று. ஹரீம் என்னும் சொல்லோ இன்றும் கண்ணியம் குன்றாமல் உள்ளது. எல்லாருக்கும் உரியதாகையால் எவரும் எடுத்துக்கொள்ளலாகாது என்பதே அது உணர்த்தும் பாடம்.

அம்பும் பீரங்கிக் குண்டும்

கடலூரின் வரலாற்றில் நில எல்லை வகுத்த ஒரு நிகழ்ச்சி பலரும் அறிந்தது. 1690-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிற்று. அதுவே பின்னர்ப் புனித டேவிட் கோட்டை எனப் பெயர் பெற்றது. கோட்டையோடு சேர்ந்த நிலத்தின் எல்லையை எவ்வாறு அறுதியிடுவது? கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுகின்றதோ அவ்வளவும் கம்பெனிக்கு உரியது என ஏற்பாடாயிற்று. பல திசைகளிலும் குண்டுகள் சுடப்பட்டன. அவை விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் 'குண்டு கிராமங்கள்' எனவே வழங்கலாயின.

இதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இராக்கில் நிகழ்ந்த ஒன்றை இதனோடு ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. ஹி. 17-இல் (கி.பி. 638) கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆணைப்படி ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) கூஃபா நகரை நிர்மாணித்தார்கள். வரலாற்றாசிரியர் தபரீயின் குறிப்பின்படி, முதலில் பள்ளிவாசலுக்கான இடம் குறிக்கப்பட்டது. வலிமை மிக்க வில்லாளி ஒருவர் நடுவில் நின்று நாற்புறமும் அம்பெய்தார். விரும்புவோர் அந்த அம்புகள் விழுந்த எல்லைக்கு வெளியே வீடு கட்டிக்கொள்ளலாம் என அறிவிக்கப்பட்டது. எல்லைக்கு உட்பட்ட பரப்பு பள்ளிவாசலுக்கும் மக்கள் கூடுவதற்குமான திறந்தவெளியாக விடப்பட்டது. எவரும் கட்டடம் எழுப்பி உள்ளே நுழைந்துவிடாதபடி அதனைச் சுற்றி அகழியும் தோண்டப்பட்டது.

இரண்டிடத்தும் எறியப்படும் பொருளே எல்லையை அறுதியிட்டது. தேவனாம்பட்டினத்தில் குண்டு விழுந்த எல்லைக்கு உள்ளே இருந்தவை ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட உடைமையாயின. கூஃபாவில் அம்பு விழுந்த எல்லைக்கு உள்ளே இருந்தது ஒருவருக்கும் உடைமையாகாது எனத் தடுக்கப்பட்டது. நகரமைப்பு என்பது கட்டுவதற்கு முன் கட்டக்கூடாத இடத்தை முடிவு செய்வதில் தொடங்குகின்றது என்னும் உண்மையைக் கூஃபாவின் வரலாறு நமக்குக் கற்பிக்கின்றது. எல்லா மனைகளையும் விற்றுத் தீர்த்த பின், எஞ்சிய மூலையில் பூங்கா எனப் பலகை நடுவது அதற்கு நேர்மாறான வழி.

கூஃபாவின் பெருந்தெருக்கள் 40 முழம், அடுத்தவை 30, அதற்கும் அடுத்தவை 20, சந்துகள் 7 முழம் என அகலம் வகுக்கப்பட்டது. பஸ்ரா நகரின் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியின் நடுவிலும் குதிரைகளைக் கட்டவும் இறந்தோரை அடக்கவும் விசாலமான வெளி விடப்பட்டதாக இமாம் மாவர்தீ (ரஹ்) (மறைவு ஹி. 450 / கி.பி. 1058) குறிப்பிடுகின்றார். சந்தையைப் பொறுத்தவரை, அது பள்ளிவாசலின் முறைமையைப் பின்பற்ற வேண்டும் என்பது உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பு. முதலில் வந்தவர் அமர்ந்து விற்கலாம். அவர் எழுந்து சென்றபின் அவ்விடம் அடுத்தவருக்கு உரியது. தரைக்கடை வைத்துப் பிழைக்கும் ஏழையின் உரிமையும், அவ்விடம் நிரந்தரமாக ஒருவருக்கே சொந்தமாகிவிடாத பொதுமையும் இத்தீர்ப்பில் ஒருங்கே காக்கப்படுகின்றன.

தெருவின் உரிமை

பாதையின் அகலத்தில் பிணக்கு ஏற்பட்டால் ஏழு முழம் விடவேண்டும் என நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்தமை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஸஹீஹ்களிலும் பதிவாகியுள்ளது. ஏழு முழம் என்பது சற்றேறக்குறைய மூன்றரை மீட்டர். சுமையேற்றிய இரு ஒட்டகங்கள் எதிரெதிரே கடந்து செல்வதற்கு இது போதும் என அறிஞர்கள் விளக்குவர். தெருவோரத்தில் அமர்வதை விட இயலாத தோழர்களிடம் தெருவுக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு அவர்கள் கூறியதும் நாம் அறிந்ததே. பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியன அவ்வுரிமைகள். தெருவுக்கே உரிமை உண்டு என்னும் இக்கருத்து ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

இதனடிப்படையில் ஃபுகஹாக்கள் வகுத்த சட்டங்கள் வியக்கத்தக்க நுட்பம் வாய்ந்தவை. பொதுப்பாதையின் மீது நீட்டப்படும் மாடமும் கூரையும், நடப்பவர் தலைநிமிர்ந்து செல்லும் உயரத்தில் இருக்கவேண்டும் என்கின்றது மின்ஹாஜ். பயணக் கூட்டங்கள் செல்லும் வழியாயின், ஒட்டகத்தின் மேலுள்ள சிவிகையும் தட்டாமல் செல்லுமளவு உயர்ந்திருக்க வேண்டும். பொதுப்பாதையில் திண்ணை கட்டுவதையும் மரம் நடுவதையும் அந்நூல் தடுக்கின்றது. தீங்கில்லையேல் கூடும் என்போரின் கருத்தையும் அது பதிவு செய்கின்றது. திண்ணை நம் பண்பாட்டின் அழகிய அடையாளம் என்பதில் ஐயமில்லை. வழிப்போக்கர் இளைப்பாறத் தம் மனைக்குள் திண்ணை கட்டுவது தர்மம். தெருவுக்குள் நீட்டிக் கட்டினால் அதுவே பிறர் உரிமையில் கை வைத்தலாகிவிடும்.

ஹனஃபி மத்ஹபின் 'ஹிதாயா' இன்னும் ஒரு படி மேலே செல்கின்றது. பொதுப்பாதையில் ஒருவர் கழிப்பிடமோ, நீர் வடியும் தூம்போ, திண்ணையோ அமைத்தால் சாதாரண மனிதர் எவரும் அதை அகற்றக் கோரலாம். முஸ்லிமல்லாத குடிமகனுக்கும் இவ்வுரிமை உண்டென ஹனஃபி அறிஞர்கள் தெளிவுபடுத்தியுள்ளனர். பாதையில் நடக்கும் உரிமை அனைவருக்கும் சமமானது என்பதே காரணம். அவ்வாறு நீட்டப்பட்டது விழுந்து ஒருவர் இறந்தால் நீட்டியவர் தரப்பிலிருந்து உயிரிழப்பீடு (திய்யத்) வழங்கப்பட வேண்டும். 2019 செப்டம்பரில் சென்னையில் சாலை நடுவே வைக்கப்பட்டிருந்த விளம்பரப் பதாகை சரிந்து, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண்ணொருவர் உயிரிழந்தார். அதன் பிறகும் திருமணத்துக்கும் வரவேற்புக்கும் மாநாட்டுக்கும் தெருவை அடைத்துப் பதாகை வைப்போர் உள்ளனர். அவர்களில் நம்மவரும் இருப்பின், ஹிதாயாவின் இப்பகுதி அவர்களை நோக்கியே பேசுகின்றது.

இமாம் மாவர்தீ தம் 'அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா'வில் கூறும் சட்டம் இவையனைத்திலும் கடுமையானது. சந்தைகளையும் தெருக்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபின் கடமைகளைக் கூறும்போது, பொதுவழியில் எவரேனும் கட்டடம் எழுப்பினால், வழி எவ்வளவு அகலமாயிருப்பினும் தடுக்கவேண்டும் என்கின்றார். கட்டப்பட்டது பள்ளிவாசலாயினும் அகற்றச் செய்யவேண்டும் என்றும் கூறுகின்றார். வழி நடப்பதற்கே உரியது என்பது அவர் காட்டும் காரணம். பிறர் உரிமையைப் பறித்த நிலத்தில் இறையில்லம் எழுப்புவதால் நன்மை கிட்டாது என்னும் இந்த உறுதியை நம் ஜமாஅத்துகள் நினைவில் கொள்ளவேண்டும். பள்ளிவாசலின் படிக்கட்டு, ஒளூச் செய்யும் இடத்தின் கழிவுநீர், ஜும்ஆ நேரத்தில் வாசலை அடைத்து நிற்கும் வாகனங்கள் ஆகிய சிறிய செய்திகளிலிருந்தே இப்பேணுதல் தொடங்கும்.

நீரின் ஹரீம்

தெருவை அடைப்பதால் வருவது துன்பம். நீர்வழியை அடைப்பதால் வருவது உயிரிழப்பு. 2015 நவம்பரில் வடகிழக்குப் பருவமழையின்போது நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேலாக மழை கொட்டிற்று. பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையம், விசூர் ஆகிய ஊர்களில் ஓடைகள் திடீரெனப் பெருக்கெடுத்து வீடுகளை அடித்துச் சென்றன. ஓடையை ஒட்டி வாழ்ந்த எளிய மக்கள் பலர் மாண்டனர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை இலட்சம் கன அடிக்கும் மேற்பட்ட நீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கரையோரச் சிற்றூர்களும் கடலூரின் குடியிருப்புகளும் நீரில் மூழ்கின. மழையின் அளவு அல்லாஹ்வின் நாட்டம். நீர் செல்லும் பாதையையும் அது பரந்து தணியும் கரைவெளியையும் விட்டுவைத்தோமா என்பது நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

ஃபிக்ஹ் நூல்கள் நீர்நிலைகளுக்கு முழக்கணக்கில் ஹரீம் வகுத்துள்ளன. கால்நடைகள் நீரருந்தும் கிணற்றுக்கு 40 முழமும், ஊற்றுக்கு 500 முழமும் ஹிதாயாவில் கூறப்படுகின்றன. வெட்டப்பட்ட கால்வாய் பிறர் நிலத்தின் ஊடே சென்றால் அதற்கு ஹரீம் உண்டா என்பதில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களுக்கும் அவர்தம் மாணவர் இருவருக்கும் கருத்து வேறுபாடு உண்டு. ஆதாரமின்றி ஹரீம் இல்லை என்பது இமாமின் கருத்து. கரையில் நடக்கவும் தூர் வாரிய மண்ணைப் போடவும் இடமின்றிக் கால்வாயால் பயனில்லை என்பது மாணவர்களின் வாதம். அதன் அளவு எவ்வளவு? கால்வாயின் அகலத்தில் பாதியை ஒவ்வொரு கரையிலும் விடவேண்டும் என்றார் அபூயூசுஃப் (ரஹ்) (மறைவு ஹி. 182). முழு அகலத்தையே ஒவ்வொரு கரையிலும் விடவேண்டும் என்றார் முஹம்மத் (ரஹ்) (மறைவு ஹி. 189). பேராறுகளோ எவருக்கும் உடைமையாவதில்லை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆற்றின் அகலத்துக்கு ஏற்பக் கரைவெளியின் அகலமும் வளரவேண்டும் என்னும் இவ்வளவுகோல் இன்றைய வெள்ளச் சமவெளிக் கோட்பாட்டுக்கு நெருங்கி வருவதைக் காணலாம்.

நாட்டுச் சட்டமும் இவ்வழியிலேயே செல்கின்றது. ஓடைப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு தொடர்பான வழக்கொன்றில் 2005-ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம், நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றுமாறு அரசைப் பணித்தது. 2007-ஆம் ஆண்டில் ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கான சட்டத்தைத் தமிழக அரசு இயற்றியது. சட்டம் இருந்தும் ஓடைகள் குறுகுவது ஏன்? வாங்குபவர் பட்டாவை மட்டும் பார்க்கின்றார். பக்கத்திலுள்ள நீர்வழியைப் பார்ப்பதில்லை. ஹலாலான வருவாயைக் கொண்டு வீடு கட்ட விரும்பும் முஸ்லிம், தம் மனையின் மதிற்சுவர் எவருடைய ஹரீமில் நிற்கின்றது என்பதையும் ஆராய்வது பேணுதலின் பாற்பட்டது.

ஆக்கிரமிப்பும் நீதியும்

இங்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. ஆக்கிரமிப்பு அகற்றல் என்னும் பெயரால் நாட்டின் சில பகுதிகளில் ஒரு சாராரின் வீடுகள் குறிவைத்து இடிக்கப்பட்டதாக முறையீடுகள் எழுந்துள்ள காலத்தில் இவ்வாறு எழுதுவது பொருந்துமா? பொருந்தும் என்றே நாம் கருதுகின்றோம். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்பும் 15 நாள் அவகாசமும் இன்றிக் கட்டடங்களை இடிக்கலாகாது என நெறிமுறை வகுத்தது. சாலை, நீர்நிலை போன்ற பொதுவிடங்களில் அனுமதியின்றி எழுந்தவற்றுக்கு அது பொருந்தாது என்றும் கூறியது. ஆகவே பொதுவிடத்தை விட்டு விலகி நிற்பது மார்க்கப் பேணுதலாகவும் உலகியல் பாதுகாப்பாகவும் அமைகின்றது. அநீதியை எதிர்த்துக் குரல் கொடுப்போர் தம் கைகளைத் தூய்மையாக வைத்திருக்கும்போதே அக்குரலுக்கு வலிமை உண்டு.

அகற்றுவதிலும் நீதி வேண்டும் என்பதற்கு நம் வரலாற்றில் சிறந்த முன்மாதிரி உண்டு. மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க எண்ணிய உமர் (ரலி) அவர்கள், அருகிலிருந்த அப்பாஸ் (ரலி) அவர்களின் வீட்டைக் கேட்டார்கள். அப்பாஸ் (ரலி) இசையவில்லை. வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றபோது, உரிமையாளரின் இசைவின்றி எடுக்கலாகாது எனக் கலீஃபாவுக்கு எதிராகவே தீர்ப்பளிக்கப்பட்டது. தீர்ப்புத் தமக்குச் சாதகமான பின்னர் அப்பாஸ் (ரலி) அவ்வீட்டைத் தாமாகவே தர்மமாக வழங்கினார்கள். ஆட்சியாளர் சட்டத்துக்கு அடங்கிய பின்னரே குடிமகனின் ஈகை மலர்ந்தது.

ஓடைக்கரையில் குடிசை போட்டவர் பெரும்பாலும் விருப்பத்தால் அங்குச் செல்லவில்லை. பாதுகாப்பான நிலம் அவர் வாங்கும் விலையில் இல்லாமையால் சென்றார். வெள்ளத்தில் முதலில் மடிபவரும் அவரே. வேறிடம் தராமல் அவரை அகற்றுவதும், நீர்வழியை அடைத்த வசதி படைத்தோரின் கட்டடங்களை விட்டுவைப்பதும் ஹரீமின் நோக்கத்துக்கு முரணானவை.

கூடும் இடமும் கூட்டு வாழ்வும்

பொதுவெளி உயிரைக் காப்பதோடு நின்றுவிடுவதில்லை. அயலாரை அயலாராக அறிய வைப்பதும் அதுவே. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கடலூர் மாவட்டக் கரையோரத்தைத் தாக்கியபோது, பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார் பாதிக்கப்பட்ட மீனவ மக்களை ஊரின் பொதுவிடங்களில் தங்கவைத்து, உணவு சமைத்து வழங்கிய செய்தி நாடறிந்தது. ஈகையுள்ளம் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் பலரைத் தங்கவைக்கும் கூடமும், பெரிய அண்டாக்களை ஏற்றிச் சமைக்கும் வெளியும், ஒன்றுகூடி முடிவெடுக்கும் அமைப்பும் முன்பே இருந்தமையாலேயே அவ்வுள்ளம் உடனடியாகச் செயலாக முடிந்தது. துன்பக்காலத்தில் புகலிடமாகும் இடங்களை இன்பக்காலத்தில்தான் ஒதுக்கிவைக்க இயலும்.

நபி (ஸல்) அவர்கள் பெருநாள் தொழுகையைப் பள்ளிவாசலில் அல்லாமல் ஊருக்கு வெளியே திறந்த திடலில் நடத்தினார்கள். பெண்கள் அனைவரும், மாதவிடாயிலிருப்போர் உட்பட, அங்கு வரவேண்டும் என அவர்கள் பணித்ததை உம்மு அதிய்யா (ரலி) அறிவிக்கின்றார். தொழ இயலாதோர் ஒதுங்கியிருந்து துஆவில் பங்கேற்றனர். மேலாடை இல்லாதவருக்குத் தோழி தம் ஆடையை இரவல் தரவேண்டும் என்றும் கூறப்பட்டது. பிற்கால ஃபுகஹாக்களிடையே பெண்களின் வருகை குறித்துக் கருத்து வேறுபாடுகள் உள்ளதை நாம் அறிவோம். அவ்வேறுபாடுகள் எவ்வாறாயினும், ஊரின் பொதுவெளி பெண்ணுக்கும் உரியது என்னும் அடிப்படை இதனால் உறுதியாகின்றது. இன்று நம் சிறுநகரங்களில் பெண்கள் அச்சமின்றி அமர, குழந்தைகளோடு காற்றுவாங்க, பயண வழியில் ஒதுங்க எத்தனை இடங்கள் உள்ளன? கடைத்தெருவுக்கு வரும் பெண்ணுக்கு ஒரு கழிப்பிடம்கூட இல்லாத ஊர், தன் மக்களில் பாதிப்பேரை மறந்த ஊராகும்.

செய்யத்தக்கவை

இறுதியாக, ஜமாஅத்துகளும் கற்றோரும் தம் எல்லைக்குள் செய்யத்தக்க சிலவற்றைக் கூறுதல் பொருத்தமாகும்.

முதலாவது, சட்டம் தந்துள்ள பொதுவெளியைக் கேட்டுப் பெறுதல். தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு பொதுவெளியாக ஒதுக்கப்பட்டு, தானப்பத்திரத்தின் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். அதைவிடச் சிறியவற்றில் நிலத்துக்கு ஈடாகப் பணம் செலுத்தவும் வழியுண்டு. பெரும்பரப்பு சிறு துண்டுகளாக்கப்பட்டு விற்கப்படும்போது பொதுவெளி காகிதத்திலேயே கரைந்துவிடும். மனை வாங்குவோர் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் அவ்விடம் எங்குள்ளது எனப் பார்த்து, அது ஒப்படைக்கப்பட்டதா என விசாரிக்க வேண்டும்.

இரண்டாவது, மக்கள் மன்றங்களில் பங்கேற்றல். அண்ணாகிராமம் ஒன்றியம் போன்ற ஊரகப் பகுதிகளில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராமசபை கூட வேண்டும் என அறிவிக்கப்பட்டுள்ளது. நகரங்களில் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் உள்ளன. ஓடையின் எல்லையை அளந்து கல் நடுமாறும், விளையாட்டுத் திடலைப் பதிவேட்டில் ஏற்றுமாறும் அங்கே தீர்மானம் கொண்டுவரலாம். நவவியின் பட்டியலில் முதலிடம் பெற்ற மன்று இதுவே என நாம் கருதினால் அதில் நம் இருக்கை காலியாக இருக்கலாகாது.

மூன்றாவது, நம் பொறுப்பிலுள்ள பொதுநிலங்களைக் காத்தல். ஈத்கா திடலும் கபரஸ்தானும் பல ஊர்களில் ஆவணமின்றி நெடுங்காலப் பயன்பாட்டின் வழியே நிலைத்து வந்தவை. 'பயன்பாட்டால் வக்ஃபு' என்னும் வகை 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தால் இனி வரும் காலத்துக்கு நீக்கப்பட்டுள்ளது. இச்சூழலில் அளவையும் ஆவணத்தையும் பதிவையும் ஒழுங்குபடுத்துவது முத்தவல்லிகளின் அவசரக் கடமை. திறந்த திடலில் வருவாய் கருதிக் கடைகள் கட்டுவதற்கு முன், அவ்வூரில் வேறு திறந்தவெளி உண்டா எனவும் அவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

நான்காவது, பாடத்திட்டத்தில் ஒரு சிறு மாற்றம். இஹ்யாவுல் மவாத் பாடத்தை ஓதும் மாணவர்களை ஒரு நாளேனும் வெளியே அழைத்துச் சென்று, ஊரின் தெருவை முழக்கோலால் அளக்கச் செய்யலாம். ஓடையின் இரு கரையிலும் அபூயூசுஃப் (ரஹ்) கூறிய பாதி அகலம் எஞ்சியுள்ளதா எனப் பார்க்கச் செய்யலாம். கண்ட பாடத்தை ஜும்ஆ மேடையிலும் எடுத்துரைக்கலாம். பாதையிலிருந்து தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளை எனக் கேட்டு வளர்ந்த சமுதாயம், பாதையையே காப்பதும் அக்கிளையின் கனியே என்பதை எளிதில் உணரும்.

கூஃபாவில் அகழி தோண்டித் திறந்தவெளியைக் காத்தவர்கள், அங்கு அப்போது கூடியிருந்தோரை மட்டும் எண்ணிச் செய்யவில்லை. வரவிருந்த தலைமுறைகளுக்கும் அங்கே நிற்க இடம் வேண்டும் என எண்ணினர். நம் ஊர்களில் எஞ்சியுள்ள திடலும் ஓடையும் ஏரிக்கரையும் அவ்வாறே நம் பிள்ளைகளின் அமானிதம். அதனை முறையாக ஒப்படைக்கும் நற்பேற்றை அல்லாஹ் நமக்கு அருள்வானாக.